அந்தச் சான்றிதழ் அதன் சொந்த ஊரில் செல்லுமா?

ஆடி முடிகிற வாரம் தங்கை மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். எம்.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பில் தேறியவள். சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு ஆண்டாக எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். காபி ஆறுவதற்குள் கைப்பையிலிருந்து வழவழப்பான தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். மேலே கோட்டைபோல ஒரு செங்கல் கட்டடம். அதற்கும் மேலே ஒரு விமானம். கீழே கோட்டு போட்ட பெண் ஒருத்தி கைகளைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். ‘பன்னிரண்டே மாதம். வீட்டிலிருந்தபடியே. எழுத்துத் தேர்வு கிடையாது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் சர்வதேச பி.ஜி.சி.இ. உலகெங்கும் சர்வதேசப் பள்ளிகளில் வேலை.’ கட்டணம் நாலரை லட்சம். தவணை வசதி உண்டு.

“மாமா, பி.எட். படிக்கிறது வேஸ்ட்டாமே? வெளிநாட்டுல அதை யாரும் மதிக்க மாட்டாங்களாமே?”

யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றாள்.

உண்மைதான், எல்லாரும்தான் சொல்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறையில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள், காரில் உட்கார்ந்து பேசி யூடியூபில் போடுகிறவர்கள் சொல்கிறார்கள். வாதம் இப்படிப் போகும்: பி.எட். உள்ளூர்ச் சரக்கு, இரண்டு ஆண்டு வீண், அரசு வேலைக்கு வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் அது. வெளிநாட்டுப் பள்ளிக்கு வெளிநாட்டுச் சான்றிதழ்தான் வேண்டும். அதை இப்போது இணையத்தில் ஓராண்டில் வாங்கிவிடலாம். காசு கொஞ்சம் கூட, ஆனால் முதல் ஆறு மாதச் சம்பளத்திலேயே எடுத்துவிடலாம்.

வளைகுடாவில் பதினேழு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். பதினொன்று இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில், மீதி பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில். இரண்டிலும் ஆசிரியர் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் புரட்டியிருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவனுக்கு இந்த வாதம் தலைகீழாக நிற்பது தெரியும்.

யார் எந்தச் சான்றிதழை நீட்டினாலும் என் கேள்வி ஒன்றுதான். இதைக் கொடுத்த நாட்டில், அந்த நாட்டு அரசுப் பள்ளியில், இதை வைத்துக்கொண்டு ஒருவர் ஆசிரியராக நிற்கத் தகுதி உண்டா? பி.எட்.டுக்கு உண்டு. தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு எல்லாம் இருக்கின்றன, வரிசை நீளம்தான், ஆனால் வரிசையில் நிற்கவே பி.எட். வேண்டும். அந்த வழவழத் தாளில் இருந்த சர்வதேச பி.ஜி.சி.இ.க்கு? இங்கிலாந்திலேயே கிடையாது.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். ஏமாறுவதற்குக் காரணமும் இருக்கிறது. பி.ஜி.சி.இ. என்பது பல்கலைக்கழகம் தரும் படிப்புச் சான்று. ஆசிரியராக நிற்கும் உரிமை அங்கே வேறு பெயரில் வருகிறது: க்யூ.டி.எஸ்., அதாவது தகுதிபெற்ற ஆசிரியர் என்ற நிலை. உள்ளாட்சி நடத்தும் பள்ளிகளில் அது இல்லாமல் முழு ஆசிரியராக முடியாது. இங்கிலாந்துக்குள் ஒரு பிள்ளை பி.ஜி.சி.இ. படித்தால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகக் கைக்கு வரும். அதனால் அங்கே ‘பி.ஜி.சி.இ. முடித்தவர்’ என்றால் ஆசிரியர் என்று எடுத்துக்கொள்வார்கள். கடல் தாண்டி விற்கும் சர்வதேசப் பதிப்பில் முதல் பாதி மட்டும்தான் வரும். முதுகலைப் பட்டத்துக்கு வேண்டிய 180 புள்ளிகளில் 60 கிடைக்கும். க்யூ.டி.எஸ். வராது. அந்தப் பல்கலைக்கழகங்களைக் குறை சொல்ல மாட்டேன். இது க்யூ.டி.எஸ். தராது என்று அவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். அண்ணா சாலையில் மூன்றாம் மாடியில் அலுவலகம் போட்டிருப்பவரின் தாளில்தான் அந்த ஒரு வரி காணாமல் போகிறது.

சாலை விதிகளைப் பற்றி அருமையாகக் கட்டுரை எழுதியவரும், ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவரும் ஒன்றா? கட்டுரை எழுதியவர் ஒருவேளை நன்றாக ஓட்டவும் செய்வார். ஆனால் வண்டிச் சாவியைக் கொடுக்கிறவன் லைசென்ஸைத்தான் கேட்பான்.

அடுத்து, பி.எட்.டை வெளிநாட்டில் மதிப்பதில்லை என்ற பேச்சு. இதைச் சொல்பவர்கள் 2023 பிப்ரவரிக்குப் பிறகு ஒருமுறைகூடத் தேடிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த மாதம் இங்கிலாந்துக் கல்வித் துறை, அதுவரை வாய்ப்பில்லாத ஒன்பது இடங்களில் தகுதிபெற்ற ஆசிரியர்கள் நேரடியாக க்யூ.டி.எஸ். கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று கதவைத் திறந்தது. கானா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, ஜமைக்கா, சிங்கப்பூர், ஹாங்காங், உக்ரைன், அவற்றோடு இந்தியா. இந்திய ஆசிரியருக்கு வைத்த நிபந்தனைகள் இவைதான்: 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதமோ அறிவியலோ மொழியோ கற்பிக்கத் தகுதி இருக்க வேண்டும், பட்டம் வேண்டும், முறையான ஆசிரியர் பயிற்சி வேண்டும், அதை முடித்த பின் குறைந்தது ஒரு கல்வியாண்டு வகுப்பெடுத்திருக்க வேண்டும், ஆங்கிலத் திறனைக் காட்ட வேண்டும், சொந்த நாட்டில் ஆசிரியராக இருக்கத் தடை ஏதும் இருக்கக் கூடாது. விண்ணப்பக் கட்டணம்? இல்லை. ஒரு பைசா கிடையாது.

இந்தக் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரலாறு, வணிகவியல், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதில் நுழைய முடியாது. ஆனால் என் தங்கை மகள் கணக்கு டீச்சர். அவளிடம் ‘வேஸ்ட்’ என்று சொல்லப்பட்ட அதே பி.எட்.டை முடித்து ஓராண்டு வகுப்பெடுத்தால், எந்த க்யூ.டி.எஸ்.ஸின் நிழலைக் காட்டி நாலரை லட்சம் கேட்கிறார்களோ அந்த அசலையே செலவில்லாமல் கேட்டு விண்ணப்பிக்கலாம். நாலரை லட்சத்துக்கு வாங்கும் தாளை வைத்து அதைக் கேட்க முடியாது. ஏனென்றால் விண்ணப்பப் படிவம் கேட்கிற கேள்வியும் நான் கேட்ட கேள்விதான்: உன் நாட்டு அரசுப் பள்ளியில் நிற்க உனக்குத் தகுதி உண்டா?

வகுப்பறைக் கணக்குக்கு வருவோம். இங்கிலாந்தில் பட்டம் முடித்து ஆசிரியர் பயிற்சிக்கு வருபவர் 120 நாள் பள்ளிகளில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 24 வாரம். நம் பி.எட்.? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி படிப்பு இரண்டு ஆண்டானபோது, பள்ளிப் பயிற்சி 20 வாரம் என்று வைத்தார்கள். முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. நாலு வாரம்தான் வித்தியாசம். சர்வதேச பி.ஜி.சி.இ.க்களில் பெரும்பாலானவற்றில் மதிப்பெண் கட்டுரைகளுக்குத்தான். பின் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து நாம் பாடம் எடுப்பதைப் பார்த்துத் தேறினாயா இல்லையா என்று சொல்லும் கட்டம் அவற்றில் இல்லை, அல்லது பேருக்கு இருக்கிறது.

அந்தப் பின் பெஞ்சு ஆள் என்ன செய்துவிடப் போகிறார் என்று கேட்கலாம். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

இந்தியப் பள்ளியில் ஒருமுறை ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியைக்கு நேர்முகம் வைத்தோம். வளைகுடாவில் இதற்கு வருபவர்களில் பலர் கணவர் விசாவில் வந்து அங்கேயே இருப்பவர்கள். அதனால் நிஜப் பிள்ளைகளை உட்கார வைத்தே மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வோம். பாடம் குறை எண்களின் பெருக்கல். முதலில் வந்தவர் சர்வதேசச் சான்றிதழ்க்காரர். ஆங்கிலம் தண்ணீர்போல ஓடியது. வண்ண வண்ணத் திரைக்காட்சி, குழுவுக்கு ஒரு செயல்தாள், நாங்கள் கேட்டதற்கெல்லாம் புத்தகத்தில் உள்ள பெரிய சொற்களில் பதில். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுந்தான். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது என்றான். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, அது விதி, மனப்பாடம் செய்துகொள் என்றார். பையன் உட்கார்ந்துவிட்டான். வகுப்பும் அவனோடு உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது வந்தவர் சிவகாசிப் பக்கம். அரசுக் கல்லூரியில் பி.எட்., ஊரில் மூன்று ஆண்டு வேலை. ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. திரைக்காட்சி எல்லாம் இல்லை, மார்க்கரை மட்டும் கையில் எடுத்தார். அதே பையன் அதே கேள்வியைக் கேட்டான். அவர் ஒரு நொடி நின்று, “நீ தினமும் அப்பாகிட்ட அஞ்சு ரியால் கடன் வாங்குறேன்னு வெச்சுக்கோ. இன்னிக்கு இருக்கிற நிலைமையைவிட மூணு நாளைக்கு முன்னாடி உன் நிலைமை எப்படி இருந்திருக்கும்?” என்றார், உடைந்த ஆங்கிலத்தில். பையன் விரலை மடக்கினான். பதினைந்து ரியால் நன்றாக இருந்திருக்கும் என்றான். “கடன் மைனஸ் அஞ்சு. பின்னாடி போன நாள் மைனஸ் மூணு. நீயே சொல்லிட்டியே.” பலகையில் எழுதியதுகூட அந்தப் பையன்தான்.

நேர்முகம் முடிந்தபின் அவரிடம் கேட்டேன், எங்கே பிடித்தீர்கள் இந்த உதாரணத்தை என்று. பயிற்சிக்குப் போன பள்ளியில் கைடு டீச்சர் பின்னால் உட்கார்ந்து கேட்டாராம். வகுப்பு முடிந்ததும் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில், ‘ஏன் என்று கேட்டால் என்ன சொல்வாய்?’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு ராத்திரி யோசித்து இதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். ஒரு ஆளை வைத்து ஒரு படிப்பை எடை போடக் கூடாது, தெரியும். நாலு வரி பேச வராத பி.எட்.காரர்களையும் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்தச் சிவப்பு மை வரியை எந்தக் கட்டுரைத் திருத்துநரும் எழுத முடியாது. அவர் அந்த வகுப்பில் இருக்கவில்லை.

‘சர்வதேசப் பள்ளி’ என்ற சொல்லையும் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் புறவழிச்சாலையில் நாலு குதிரை நிற்கிற வளைவு வைத்த பள்ளியெல்லாம் இன்டர்நேஷனல்தான். வெளிநாட்டிலும் அது ஒரே சரக்கு இல்லை. தமிழ் ஆசிரியர்கள் அதிகம் வேலை பார்ப்பது இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில். இந்தியாவுக்கு வெளியே சி.பி.எஸ்.இ. இணைப்புப் பெற்ற பள்ளிகள் மட்டும் இருநூறுக்கும் மேல், பெரும்பகுதி வளைகுடாவில். அங்கே சி.பி.எஸ்.இ. விதிதான் விதி, அந்த விதி கேட்பது பி.எட். அங்கே போய்ச் சர்வதேச பி.ஜி.சி.இ.யை நீட்டினால், நல்லது, பி.எட். எங்கே என்பார்கள். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதையாகிவிடும்.

ஐ.பி., அதாவது இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் பள்ளிகள் வேறு ரகம். ஜெனீவாவில் 1968இல் தொடங்கிய அமைப்பு அது. இந்தியாவில் முதலில் அதைக் கொண்டுவந்தது நம் கொடைக்கானல் மலையில் இருக்கும் சர்வதேசப் பள்ளி, 1976இல். ஐ.பி. யாருக்கும் ஆசிரியர் உரிமம் தருவதில்லை. பள்ளி ஆளை எடுத்த பிறகு தன் பயிலரங்குகளுக்கு அனுப்பும், பெரும்பாலும் பள்ளிச் செலவிலேயே. ‘ஐ.பி. பயிற்சி முடித்துவிட்டுப் போனால் வேலை நிச்சயம்’ என்று காசு வாங்குபவர்களைக் கண்டால் தள்ளி நடங்கள். 120 மணி நேர டெஃபல் சான்றிதழைப் பற்றி எழுதித் தாளை வீணாக்க விரும்பவில்லை. அது ஆங்கிலம் கற்பிக்க ஒரு அறிமுகம், பள்ளி ஆசிரியர் பயிற்சி இல்லை, அவ்வளவுதான்.

மீதி இருப்பவை பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள். கனவு வியாபாரம் இவற்றின் பெயரில்தான் நடக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

நான் ஆறு ஆண்டு இருந்த பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் ஒரே நடைக்கூடத்தில் அடுத்தடுத்த அறையில் இரண்டு பேர் ஒரே வகுப்புக்கு இயற்பியல் எடுத்தார்கள். ஒருவர் வெளிநாட்டு ஒப்பந்தம்: வீடு, ஆண்டுக்கு விமானச் சீட்டு, பிள்ளைகளுக்குப் படிப்பு. இன்னொருவர் உள்ளூர் ஒப்பந்தம்: சம்பளம் மட்டும், அதுவும் பாதிக்குச் சற்று மேல். இரண்டாமவர் என் நண்பர், நாகர்கோவில்காரர். பாடத்தில் முதலாமவருக்கே சந்தேகம் தீர்த்து வைப்பவர். வித்தியாசம் சான்றிதழில் இல்லை, கடவுச்சீட்டின் நிறத்தில் இருந்தது. விளம்பரத்தில் ‘பிரிட்டனில் தகுதிபெற்றவர் விரும்பத்தக்கது’ என்று போடுவார்கள். பல இடங்களில் அதற்கு உள்ளர்த்தம், பெற்றோருக்குக் காட்ட ஒரு வெள்ளை முகம் வேண்டும் என்பது. எல்லாப் பள்ளியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து புகைப்படத்தைப் பார்த்தே விண்ணப்பம் ஒதுக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

சில நாடுகள் இதை ஒளிக்காமல் விசா விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் இ-2 விசா வழக்கமாக ஏழு நாட்டுக்காரர்களுக்கு: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஆங்கிலத்தில் முனைவர் பட்டம் வாங்கிய திருச்சிக்காரருக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. நோய் கடவுச்சீட்டில் இருக்கும்போது நாலரை லட்சத்துக்குச் சான்றிதழ் வாங்கிக் குடித்தால் தீருமா? இந்த வியாபாரத்தின் பெரிய சூழ்ச்சி இதுதான். ‘உனக்கு வேலை கிடைக்காததற்குக் காரணம் உன் பி.எட்.’ என்று நம்ப வைத்துவிட்டால், பாகுபாட்டுக்கே மருந்து விற்றுவிடலாம். வேலை கிடைக்காவிட்டால் அடுத்து முதுகலை இருக்கிறது, அதற்கு அடுத்து தலைமைத்துவ டிப்ளமா இருக்கிறது.

“என் கூட வேலை பார்த்தவர் அதை முடிச்சு இப்ப தோஹாவுல இருக்காரே” என்று தங்கை மகள் இடையில் கேட்டாள். சரியான கேள்வி. அவர் யார் என்று விசாரித்தோம். முன்பே பத்து ஆண்டு அனுபவம், பி.எட். இருக்கிறது, கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் உள்ள பள்ளியில் ஐ.ஜி.சி.எஸ்.இ. வகுப்பு எடுத்தவர். சர்வதேச பி.ஜி.சி.இ. அவருக்கு மேலே போட்ட சட்டை. உள்ளே உடம்பு இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்தப் படிப்பு பயன்படும் என்பதை நான் மறுக்கவில்லை. ஏற்கெனவே வகுப்பில் நிற்பவர், தன் வேலையை யோசித்துப் பார்க்க, படிக்க, முதுகலைக்கு ஒரு படி ஏற, காசும் இருந்தால், தாராளமாகப் படிக்கட்டும். தாய்லாந்தில் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு, குருசபா என்ற அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் உரிமம் பெற அது நீண்ட காலம் கைகொடுத்ததும் உண்மை. ஒரு நாட்டின் ஒரு விதிக்குப் பொருந்திய சாவியை உலகப் பூட்டுகளுக்கெல்லாம் சாவி என்று விற்பதில்தான் எனக்குச் சண்டை.

இணையவழிப் படிப்போடும் எனக்குப் பகை இல்லை. 2022இல் இங்கிலாந்துக் கல்வித் துறையே ஐ-க்யூ.டி.எஸ். என்று ஒன்றைச் சோதனையாகத் தொடங்கியது. இங்கிலாந்துக்குப் போகாமலே, நாம் இருக்கும் நாட்டுப் பள்ளியில் நின்றபடி படிக்கலாம். ஆனால் உள்ளூரில் வழிகாட்டி ஆசிரியர் வேண்டும், இங்கிலாந்தின் ஆசிரியர் தர அளவுகோலில் வகுப்பறையில் தேற வேண்டும். முடித்தால் க்யூ.டி.எஸ். கிடைக்கும். அமெரிக்கப் பக்கமும் சில இணையவழிப் படிப்புகள் அப்படித்தான்: இடையில் சில மாதம் வகுப்பறைப் பயிற்சி, கடைசியில் பிராக்ஸிஸ் தேர்வு, பிறகுதான் ஒரு மாநில உரிமம். பி.எட். இல்லாமல் ஏற்கெனவே வெளிநாட்டில் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டவருக்கு, இரண்டு ஆண்டு ஊருக்குத் திரும்ப முடியாதவருக்கு, இவை நேர்மையான வழிகள். செலவும் உழைப்பும் கூடுதல், அதனால்தான் வழவழத் தாளில் இவை வருவதில்லை.

அப்புறம் முத்திரைச் சங்கதி. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் வலி தெரியும். வளைகுடா நாட்டில் சேர இந்தியச் சான்றிதழுக்கு மாநில அரசு முத்திரை, வெளியுறவு அமைச்சக முத்திரை, பிறகு சில நாடுகளுக்கு அந்த நாட்டுத் தூதரக முத்திரை. சான்றிதழ் எந்த நாட்டில் பிறந்ததோ அந்த நாட்டில்தான் இந்த ஓட்டம் ஓட வேண்டும். சென்னையில் உட்கார்ந்து படித்தாலும் சான்றிதழ் பிறந்தது பிரிட்டனில், எனவே முத்திரையும் அங்கேதான். அதற்கும் ஒரு முகவர், ஒரு கட்டணம். அங்கே முடிந்தாலும், நேரில் படித்ததா தொலைவில் படித்ததா என்ற கேள்வி அந்த நாட்டு அமைச்சகத்தில் காத்திருக்கிறது. 2018 வாக்கில் ஐக்கிய அரபு அமீரகத்தில் பல ஆண்டாக வேலை பார்த்த இந்திய ஆசிரியர்கள் பலர் தூக்கமின்றி அலைந்தது நினைவிருக்கும். தனித்தேர்வராகப் படித்தவர் என்ற குறிப்பு பல்கலைக்கழகச் சரிபார்ப்பில் வந்ததால் சமநிலைச் சான்று கிடைக்காமல் போனது. இருபது ஆண்டு அனுபவத்தை ஒரு சொல் ஆட்டிவைத்தது. விதிகள் பிறகு மாறும், மறுபடியும் மாறும். ‘வீட்டிலிருந்தபடியே’ என்பதைப் பெருமையாகத் தலைப்பில் போடுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் வீட்டு அழுக்கை மறைத்தால் நான் நேர்மையானவன் இல்லை. பி.எட்.டுக்கு இந்தக் கெட்ட பெயர் வானத்திலிருந்து விழவில்லை. பணம் கட்டினால் போதும், கமிஷன் என்கிற செய்முறைத் தேர்வுக்கும் பரீட்சைக்கும் வந்தால் போதும் என்று சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் எல்லா மாவட்டத்திலும் இருக்கின்றன. மாணவர் பெயரில் ரெக்கார்டு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது, பக்கத்துக்கு இவ்வளவு என்று. சார்ட்டு வரையத் தனி ஆள். இருபது வாரப் பயிற்சி, தலைமையாசிரியரின் ஒரு முத்திரையில் முடிந்துபோகும். அப்படி வாங்கிய பி.எட்.டுக்கும் வீட்டிலிருந்தபடி வாங்கிய பி.ஜி.சி.இ.க்கும் வகுப்பறையைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. ஏழாம் வகுப்புப் பையன் எழுந்து ஏன் என்று கேட்டால் இரண்டு பேரும் விதி என்றுதான் சொல்வார்கள். தேர்வுக் குழுவில் இருந்தபோது பி.எட்.காரர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, பயிற்சிக்குப் போன பள்ளியின் பெயர், கைடு டீச்சர் பெயர், அவர் திருத்திய ஒரு தப்பு. உண்மையாகப் போனவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும், பதில் நிற்காது. போகாதவர்கள் கூரையைப் பார்ப்பார்கள்.

அதனால்தான் தங்கை மகளிடம் பி.எட். படி என்று மொட்டையாகச் சொல்லவில்லை. எங்கே படிக்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றேன். 1856இல் தொடங்கிய ஆசிரியர் கல்லூரி சைதாப்பேட்டையில் இன்னும் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் லேடி வில்லிங்டன் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் கட்டணம் அவள் கையில் இருந்த தாளின் ஒரு தவணைக்குக்கூட வராது. இடம் கிடைப்பது கஷ்டம், வேலையை விட வேண்டியிருக்கும், இரண்டு ஆண்டு சம்பளம் போகும். அது சின்ன இழப்பு இல்லை, எனக்குத் தெரியும். அவள் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை ஆகி ஆறு மாதம்தான் ஆகிறது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எழுபது, எண்பதுகளில் எத்தியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் நம்மூர் வாத்தியார்கள் போனார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். பெட்டியில் லாகரிதம் அட்டவணை, ஊறுகாய், பி.எட்.டின் பழைய பெயரான பி.டி. சான்றிதழ் அல்லது பி.எட். சான்றிதழ். இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். “மாமா, அது அந்தக் காலம்.” அதுவும் சரிதான்.

கடைசியில் நான் ஒன்றுதான் கேட்டேன். அந்த அலுவலகத்துக்கு இப்போதே போன் போடு, நான் சொல்லும் கேள்வியை மட்டும் கேள், பதிலைப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய். ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் இளைஞன், மரியாதையான குரல்.

“சொல்லுங்க மேடம்.”

“இந்தக் கோர்ஸ் முடிச்சா, லண்டன்ல ஒரு கவர்ன்மென்ட் ஸ்கூல்ல என்னைக் கணக்கு டீச்சரா எடுத்துப்பாங்களா?”

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் யாரிடமோ மெதுவாக ஏதோ கேட்டான்.

“மேடம், நீங்க துபாய்க்குத்தானே போகணும்னு சொல்லியிருந்தீங்க?”

“ஆமா. ஆனா இதுக்கு பதில் சொல்லுங்க.”

“அதை எங்க சீனியர் கவுன்சிலர் உங்களுக்கு எக்ஸ்ப்ளெய்ன் பண்ணுவாங்க மேடம். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டினீங்கன்னா பத்து பர்சென்ட் டிஸ்கவுண்ட் இருக்கு.”